வெயிலில் எடுத்த வகிடு

ஊட்டியில் பனி இரண்டு தரமாக வரும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் விழுவது நீர்ப்பனி. புல் நனையும், செருப்பு நனையும், அதோடு சரி. மார்கழியில் மழை விலகி வானம் தெளிந்ததும் உறைபனி தொடங்கும். விடிகாலையில் குதிரைப் பந்தய மைதானம் முழுக்க வெள்ளை படர்ந்து கிடக்கும். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகள் கருகிவிடாமல் இருக்கக் கோத்தகிரி மிலார் செடிகளை வெட்டிவந்து மூடிவைப்பார்கள். வெயில் ஏறியதும் வெள்ளையெல்லாம் மறைந்து, கண் கூசும் நீல வானமும் ஈரமே இல்லாத காற்றும் மிஞ்சும். உதட்டை வெடிக்க வைப்பதும் குதிகாலைப் பிளப்பதும் தலையை அரிக்க வைப்பதும் அந்தக் காற்றுதான். மலை என்றால் மழையும் குளிரும்தான் கஷ்டம் என்று சமவெளிக்காரர்கள் நினைக்கிறார்கள். அங்கே வளர்ந்த எங்களுக்குத் தை மாத வறட்சிதான் பெரிய தொல்லை.

எங்கள் வீட்டில் அந்த அரிப்பு ரொம்பவும் வாட்டியது அப்பாவை. அவருக்கு ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை. 1960இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் அது. 1967இலிருந்து உற்பத்தி நடந்தது. ‘இந்து’ என்ற பெயரில் படச்சுருளும் எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து நாடெங்கும் போயின. அந்தப் பகுதிக்கே இந்து நகர் என்று பெயர். நாங்கள் அங்கேதான் குடியிருந்தோம். பூச்சு காய்ந்து வரும் பிலிமை வெட்டிச் சுருட்டும் பிரிவில் அப்பா இருந்தார். கும்மிருட்டில் வேலை. எட்டு மணி நேரமும் கை பழக்கத்திலேயே எல்லாம் நடக்க வேண்டும். தூசி ஆகவே ஆகாது. மேலங்கி மாட்டி, முடி ஒன்றுகூட வெளியே வராதபடி தலையை இறுக்கி மூடிக்கொண்டுதான் உள்ளே போவார்கள்.

அந்த மூடிய தலைக்குள்தான் அவருக்கு அரிப்பு. சொறிய முடியாது. தொப்பியைத் தூக்கினால் செதில் உதிரும். உதிர்ந்தது பிலிமில் ஒட்டினால் புள்ளி. “எக்ஸ்ரே பிலிமு கண்ணு அது. எங்கியோ ஒரு ஆஸ்பத்திரியில டாக்டரு அந்தப் புள்ளியப் பாத்துட்டு நெஞ்சுல சளியோன்னு நெனச்சா என்ன பண்றது?” என்று அம்மாவிடமும் என்னிடமும் சொல்லுவார். எந்தப் பிலிம் எந்த ஊருக்குப் போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் அந்தப் புள்ளி அவரைத் தூங்கவிடாது. 1979 மார்கழியில் வீட்டுக்கு வந்ததும் தொப்பியால் பதிந்த வரி நெற்றியில் மறைவதற்குள் சீப்பை எடுத்துவிடுவார். இரண்டு கையாலும் வறட் வறட்டென்று இழுப்பார். கறுப்பு ஸ்வெட்டரின் தோளில் வெள்ளையாகக் கொட்டும். சில நாள் சீப்பின் பல்லில் ரத்தம்கூட இருக்கும்.

அப்புறம் குளியல். எங்கள் குளியலறையில் விறகு போட்டு எரிக்கும் செம்பு பாய்லர் இருந்தது. பள்ளிவிட்டு வரும்போதே அதன் புகை வாசம் வாசல்வரை வரும். அப்பா அதன் குழாயைத் திறந்து, விளாவாமல் தாங்குகிற மட்டும் சூட்டோடு சொம்பு சொம்பாகத் தலையில் ஊற்றிக்கொள்வார். சூடு பட்டால் அரிப்பு அடங்கும். அந்தச் சுகத்தில் கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நிற்பார். துணிக்குப் போடுகிற சோப்பையே தலைக்கும் போட்டுத் தேய்ப்பார். முடி கறகறவென்று வந்தால்தான் அழுக்குப் போனதாக அவருக்குத் திருப்தி. ராத்திரி படுத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி தலையணையில் தலையை உரசும் சத்தம் கேட்கும்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: பொடுகு. அதற்கு ஆளுக்கொரு மருந்து. எலுமிச்சம்பழத்தை அறுத்து நேராகத் தேய்க்கச் சொன்னார் ஒருவர். சீப்பு கீறிய இடத்தில் சாறு பட்டு, அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊட்டியாயிற்றே, இன்னொருவர் நீலகிரித் தைலத்தைக் கொண்டுவந்தார். 1843 வாக்கில் விறகுக்காக இந்த மலையில் நடத் தொடங்கிய மரம் யூகலிப்டஸ். அதன் இலையைக் காய்ச்சி இறக்கும் தைலம் ஊட்டிக் கடைவீதியில் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்க நல்ல சரக்குதான். எதுவும் கலக்காமல் தோலில் ஊற்றினால் எரித்துவிடும். அப்பாவுக்கு நெற்றி ஓரமெல்லாம் சிவந்து, இரண்டு நாள் தொப்பி மாட்டவே முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்முச்சி வந்தது. அம்மாவைப் பெற்ற பாட்டி. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் நிலம். மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே கடந்து, ஒரு சாக்குப்பையோடு இறங்கியது. பைக்குள் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் ஒரு தூக்குப்போசி, அரப்புப் பொடி, வெந்தயம், பாசிப்பயறு, பழைய வேட்டித் துணி. அம்முச்சி வைத்தியச்சி இல்லை. வயலில் களை எடுத்த கை. ஆனால் ஊரில் பிள்ளைகளுக்குத் தலையில் என்ன வந்தாலும் அதனிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள்.

வந்த அன்று ராத்திரியே அப்பாவின் தலையணைச் சத்தம் அதற்குக் கேட்டிருக்கிறது. காலையில் அம்மாவிடம் விசாரித்தது. எலுமிச்சை, தைலம், சோப்பு எல்லாவற்றையும் அம்மா சொல்லி முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டது.

“இத்தனை போட்டீங்களே, யாராச்சும் தலையப் பாத்தீங்களா?”

யாரும் பார்த்திருக்கவில்லை.

அம்முச்சியும் பார்க்க முடியாது. மாப்பிள்ளையின் தலையை மாமியார் தொடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. நேருக்கு நேர் நின்று நீளப் பேசுவதுகூடக் கிடையாது. அதனால் வேலை எனக்கு வந்தது. அப்பாவுக்கு வார விடுமுறை நாள். பத்து மணிக்குமேல் வெயில் நன்றாக ஏறியபிறகு முற்றத்தில் முக்காலி போட்டு அவரை உட்காரவைத்தோம். அம்முச்சி நாலடி தள்ளி, திண்ணை ஓரத்தில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டது. நான் அப்பாவின் பின்னால் நின்றேன்.

“சீப்பு வேண்டாம் அம்மிணி. வெரல்ல வகிடு எடு. வெயிலு தோலு மேல நேரா உளுகோணும்.”

எடுத்தேன். அப்பாவின் தலைத்தோலை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. முகத்தைவிட வெளுப்பாக இருந்தது.

“தூளு என்ன நெறம்?”

“வெள்ளைங் அம்முச்சி.”

“ஊதிப் பாரு. பறக்குதா, ஒட்டிக்கிட்டு நிக்குதா?”

“பறக்குது.”

“நகத்துல எடுத்து ரெண்டு வெரலுக்கு நடுவுல வெச்சுத் தேயி. பிசுபிசுங்குதா?”

“இல்ல. மாவாட்டம் இருக்குது.”

“அடியில தோலு?”

“லேசா செவந்திருக்குது. கோடு கோடா இருக்குது.”

“காதுக்குப் பொறகால பாரு. புருவத்துல, மூக்கோரத்துல மஞ்சளா படிஞ்சிருக்குதா?”

அப்பா அவராகவே முகத்தைத் திருப்பிக் காட்டினார். ஒன்றும் இல்லை.

“வட்டமா எங்கியாச்சும் முடி ஒடிஞ்சு கெடக்குதா? சீழு? ஈரு?”

எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அம்முச்சி அம்மாவைப் பார்த்து, “பொடுகில்ல அம்மிணி. தோலு காஞ்சு கெடக்குது. காஞ்ச தோலுக்குப் பொடுகு மருந்து போட்டா எரியாம என்ன பண்ணும்?” என்றது. அப்பாவிடம் நேராகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “மாப்பிள்ளைங்க கோவிச்சுக்கப்படாது. பாய்லருத் தண்ணிய விளாவாம ஊத்தாதீங்க.” அப்பா, “சரிங்க அத்தை” என்றார்.

அம்முச்சி செய்த வைத்தியத்தில் பாதி, எதையும் பூசாமல் நிறுத்தியதுதான். முதலில் கொதிநீர் நின்றது. அரிக்கிற இடத்தில் சுடுநீர் பட்டால் அந்த நேரத்துக்குச் சுகம்; தோலில் இருக்கும் கொஞ்சநஞ்சப் பசையும் கரைந்துபோய், பிறகு இரட்டிப்பாக அரிக்கும். இனி முழங்கையை விட்டுப் பார்த்து, சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கும் தண்ணீர்தான் தலைக்கு. அடுத்து, துணி சோப்பு குளியலறையைவிட்டு வெளியே போனது. பல் நெருங்கிய சீப்பை எடுத்து அம்முச்சி தன் பைக்குள் போட்டுக்கொண்டது. தினமும் தலைக்குக் குளிப்பதும் நின்றது.

பிறகுதான் எண்ணெய். எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் வைத்திருந்தோம். அது 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். ஊட்டி மார்கழியில் பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக நிற்கும். அடுப்போரம் வைத்து உருக்கித் தலையில் தேய்த்தால், வெளியே போன கொஞ்ச நேரத்தில் முடியிலேயே உறைந்து தோலுக்கு இறங்காமல் நின்றுவிடும். நல்லெண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை. அம்முச்சி ஒரு குழிக்கரண்டி எண்ணெயை இரும்புக் கரண்டியில் காய்ச்சும். சீரகம் ஒரு சிட்டிகை, உடைக்காத மிளகு நாலு. சீரகம் பொரிந்த உடனே இறக்கி, சீரகமும் மிளகும் அடியில் தங்கும்படி தெளியவைத்து எடுத்துக்கொள்ளும். சீரகம் தலையில் பிடித்த சூட்டைத் தணிக்கும், மிளகு சளி பிடிக்காமல் காக்கும் என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு சரியோ, எண்ணெய் எண்ணெயாக வேலை செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காய்ந்த தோலில் மிச்சமிருக்கும் ஈரம் காற்றோடு போகாமல் அது மூடிவைக்கும்.

தேய்க்கிற முறைக்கு அம்முச்சி தந்த கவனம் பெரிது. முடியில் எண்ணெய் வழியக் கூடாது. வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியைத் தொட்டுத் தொட்டுத் தோலில் மட்டும் வைக்க வேண்டும். நகம் படக் கூடாது. தோல் எலும்பின்மேல் நகர்கிற மாதிரி மெதுவாக அழுத்த வேண்டும். ஊரிலென்றால் எண்ணெய் வைத்து வெகு நேரம் ஊறவிடுவார்கள். இங்கே அரைமணிதான். அதற்குமேல் அந்தக் குளிரில் உட்காரவைத்தால் ஜலதோஷம் பிடித்துவிடும். ஆணுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்பது ஊர்முறை. அப்பாவின் ஷிப்டு விடுமுறை மாறி மாறி வந்தது. எந்தக் கிழமையானாலும் லீவு நாள்தான் சனிக்கிழமை என்று அம்முச்சி தானே முறையை மாற்றிக்கொண்டது.

எண்ணெயைப் போக்க அரப்பு. கொங்குநாட்டில் சீயக்காயைவிட இதுதான் அதிகம் புழங்கும். அரப்பு மரத்தின் சின்னச்சின்ன இலைகளை நிழலில் காயவைத்து இடித்த பச்சைப் பொடி. இடிக்கும்போது பக்கத்தில் நின்றால் தும்மல் நிற்காது. கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. நுரை அதிகம் வராது. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துக்கொண்டு, தோலை வெடுக்கென்று உலர்த்தாமல் விட்டுவிடும். அதை வடிகஞ்சியில்தான் கலக்க வேண்டும் என்றது அம்முச்சி. அதுதான் எங்கள் வீட்டில் இல்லாத பொருள். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பானையில் அரிசி வேக ரொம்ப நேரம் பிடிக்கும் என்பதால் இந்து நகர் முழுக்கக் குக்கர்தான். கஞ்சிக்காகவே அம்முச்சி வாரம் ஒருநாள் பானையில் உலை வைத்தது. விறகு செலவாகிறது என்று அம்மா முனகினாலும், வடித்த கஞ்சியை ஆறவைத்து, சொம்பில் அரப்பைப் போட்டுக் கைவிரலால் கட்டியில்லாமல் கரைக்கும் நேரத்தில் நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்போம். லேசான கொழகொழப்பாக, பாக்கு நிறத்துக்கும் பச்சைக்கும் நடுவில் இருக்கும். வழுவழுப்பான கஞ்சி பட்டதும் அப்பா, “எரியவே இல்ல” என்று ஆச்சரியத்தோடு குளியலறையிலிருந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

குளித்துத் துவட்டியபின் இன்னொரு வேலை உண்டு. தலை முழுசாகக் காய்வதற்குமுன், ஈரத்தோலில் நாலைந்து சொட்டு எண்ணெயை விரல்நுனியால் ஒற்ற வேண்டும். நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். ஈரம் உள்ளே இருக்கும்போது மூடினால்தான் ஈரம் தங்கும். என் அனுபவத்தில் இந்த நாலு சொட்டுக்குத்தான் பலன் மிக அதிகம்.

வேட்டித் துணி எதற்கு என்று கடைசியில்தான் புரிந்தது. அதைக் கத்தரித்து, தொப்பிக்குள் போடும் மெல்லிய உறையாகத் தைத்தது அம்முச்சி. பலமுறை துவைத்துப் பூப்போல மெத்தென்றாகிவிட்ட பருத்தி. தினம் ஒன்று, சுடுநீரில் அலசி வெயிலில் காயப்போட்டது. உதிர்கிற கொஞ்சமும் அதற்குள்ளேயே நிற்கும். அந்த உறையைக் கையில் வாங்கியபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. தைப்பூசத்துக்குமுன் தலையணைச் சத்தம் நின்றுவிட்டது. செதில் அதற்குப் பிறகும் கொஞ்சநாள் இருந்தது, ஆனால் ரத்தம் இல்லை.

அம்முச்சியின் பார்வை எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் தனக்கும் அதே எண்ணெய் காய்ச்சித் தரச் சொல்லி வந்தார். அம்முச்சி அவரையும் முக்காலியில் உட்காரவைத்தது. பெண்பிள்ளை என்பதால் இந்த முறை அதன் கையே வகிடெடுத்தது. என்னையும் கூப்பிட்டுக் காட்டியது. செதில் பெரிது பெரிதாக, மஞ்சளாக, முடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊதினால் அசையவில்லை. விரலில் பிசுபிசுத்தது. காதின் பின்மடிப்பிலும் இருந்தது. “இதுதான் பொடுகு. இதுக்கு எண்ணெய் வெச்சா இன்னும் ஏறும் சாமி” என்று எண்ணெய் தர மறுத்துவிட்டது. மோரில் அரப்பைக் கரைத்து, வாரம் மூன்று முறை தேய்த்து நன்றாக அலசச் சொன்னது. ஊரிலாக இருந்தால் வாய்க்கால் ஓரத்தில் படர்ந்திருக்கும் பொடுதலையைப் பறித்து அரைத்துப் போடலாம், இந்தக் குளிரில் எங்கே தேடுவது என்று வருத்தப்பட்டது. அந்த அக்காவுக்குப் பாதிதான் குறைந்தது. மீதி பின்னால் டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து ஷாம்பூவில் போயிற்று.

கீழ்வீட்டுப் பையனுக்கு எட்டு வயதிருக்கும். உச்சிக்குப் பின்னால் காலணா அளவு வட்டம். முடி தோலோடு ஒட்ட ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாக நின்றது. அம்முச்சி அவனுக்கு எதுவுமே கொடுக்கவில்லை. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அவன் சீப்பையும் துண்டையும் யாரும் தொடக் கூடாது என்று சொல்லி, அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியது. அது படர்தாமரை. முடியின் வேருக்குள் இறங்கிவிட்ட பூஞ்சைக்கு மேற்பூச்சு எட்டாது. வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டுத்தான் சரியாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்முச்சி மூன்று தலைக்கு மூன்று வழி சொன்னதை இன்றைக்கும் நான் பெருமையோடு நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்புவதற்குமுன் ஒருநாள் அதைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். பூங்காவுக்கு மேலே தோடர்களின் குடியிருப்பான மந்து இருக்கிறது. பூத்தையல் போட்ட புத்துக்குளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பாட்டி வெயிலில் உட்கார்ந்திருந்தார். தோளில் சுருள் சுருளாக முடி தொங்கியது. வெயில் பட்டு மினுமினுத்தது. அம்முச்சி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, என்ன தேய்ப்பீர்கள் என்று கையைக் காட்டிக் கேட்டது. “வெண்ணெய்” என்றார் அவர் தமிழிலேயே. எருமை வெண்ணெய். தோடர் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வெண்ணெய் தடவித்தான் முடியைச் சுருட்டிவிடுகிறார்கள். “பாத்தியா, இந்தக் காத்துக்கு என்ன வேணும்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது அம்முச்சி.

நான் உயிரியல் படித்து, அதே மலையில் ஆசிரியையானேன். படிக்கும்போதுதான் பக்கத்து வீட்டு அக்காவுக்கு எண்ணெய் மறுத்ததன் காரணம் பிடிபட்டது. பொடுகுச் செதிலில் இருக்கும் ஈஸ்ட் பூஞ்சையை 1874இல் விவரித்தவர் லூயி சார்ல் மலாசே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் பெயரால் அது மலாசீசியா எனப்படுகிறது. பெரியவர்கள் எல்லோர் தலையிலும் அது இருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ள அதனால் முடியாது. தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசையிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். எடுத்ததுபோக மிச்சம் விடுவது சிலருடைய தோலை உறுத்தி, செதில் செதிலாக உரியவைக்கிறது. நாம் பூசும் தாவர எண்ணெய்களும் அதற்குத் தீனி. காய்ந்த தலைக்கு மருந்தாகும் அதே நல்லெண்ணெய் பொடுகுத் தலைக்கு ஆகாமல் போவது இதனால்தான்.

இப்போது பிள்ளைகளின் தலை அரிப்புக்கு வழி கேட்டு என்னிடம் வரும் அம்மாக்கள் செல்போனில் எதையாவது பார்த்துவிட்டு வருகிறார்கள். எலுமிச்சை இன்னும் போகவில்லை. நம் தோலின் பி.எச். (pH) அளவு 5.5ஐ ஒட்டி இருக்கிறது. எலுமிச்சைச் சாறு சுமார் 2, கடும் அமிலம். வெடித்த தோலில் அதை ஊற்றுவது கொடுமை. அதோடு, எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கருகிக் கொப்புளிக்கவும் செய்யும். மலை உயரத்தில் வெயிலின் புற ஊதாக் கதிரும் அதிகம். சமையல் சோடாவோ நேர் எதிர்ப்பக்கம், காரம். பச்சைப் பூண்டும் சின்ன வெங்காயமும் அரைத்து அப்பி, தோல் புண்ணாகி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இயற்கை என்று பெயர் வைத்துவிட்டால் எரியாது என்று யார் சொன்னது?

நல்லவையும் இருக்கின்றன, அவை எந்தத் தலைக்கு என்று தெரிந்தால். டீ ட்ரீ எண்ணெய் 5 சதவீதம் கலந்த ஷாம்பூவைப் பொடுகுக்காரர்கள் 126 பேரிடம் பரிசோதித்து 2002இல் வெளியிட்டார்கள். நான்கு வாரத்தில் 41 சதவீத முன்னேற்றம். மருந்தில்லாத ஷாம்பூ போட்டவர்களுக்கு 11. அதற்கு முந்தைய ஆண்டு 30 பேரிடம் தேனைச் சோதித்திருக்கிறார்கள். வெந்நீரில் லேசாக இளக்கிய தேனை ஒருநாள் விட்டு ஒருநாள் தடவி, மூன்று மணி நேரம் வைத்திருந்து அலசியதில், ஒரு வாரத்திலேயே அரிப்பு அடங்கிச் செதிலும் போனதாகச் சொல்கிறார்கள். இரண்டும் பொடுகுக்குச் செய்த சோதனைகள், வறட்சிக்கு அல்ல. மூன்று மணி நேரம் ஈரத் தேனோடு ஊட்டிக் குளிரில் குழந்தையை உட்காரவைக்க நான் சொல்லமாட்டேன். வறட்சிக்கு வெந்தயம் நல்லது. ஊறி வழுவழுப்பான வெந்தயத்தை அரைத்து, கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துக் குளிர் போக்கிவிட்டுப் பூச வேண்டும். ராத்திரி ஊறவைத்தது காலையில் ஐஸாக இருக்கும். அப்படியே வைத்தால் தலைவலிதான் வரும். சோற்றுக்கற்றாழையைக் கீறியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பால் பட்டால் அதுவே அரிக்கும்.

இத்தனை தெரிந்தபிறகும் நான் முதலில் செய்வது வகிடெடுப்பதுதான். போன தையில் ஒரு மாணவியின் தலையைப் பார்த்தேன். தடித்த வெள்ளிநிறச் செதில், முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கு இறங்கியிருந்தது. முழங்கையைக் காட்டச் சொன்னேன், அங்கேயும் இருந்தது. சோரியாசிஸ். எண்ணெய் எண்ணெயாக மாற்றிக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்தைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். இப்போது சிகிச்சையில் இருக்கிறாள். இரட்டைச் சடை போட்டுக்கொண்டு வருகிறாள்.

அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை மூடிவிட்டது. ஓய்வுபெற்றுக் கோபிக்கே போன பிறகு அவருக்குத் தலை அரித்ததே இல்லை. அம்முச்சி இறந்த அன்று வீட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், “இருட்டுக்குள்ள நான் நிம்மதியா நின்னது அத்தையாலதான்” என்று என்னிடம் சொன்னார். மாமியாரைப் பற்றி அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நேற்று இரவு ஒரு அம்மா போன் செய்தார். மகன் ராத்திரியெல்லாம் சொறிகிறானாம், எந்த எண்ணெய் வாங்கலாம் டீச்சர் என்று கேட்டார்.

“இப்ப ஒண்ணும் வாங்காதீங்க. குளிக்க ஊத்தற தண்ணியோட சூட்டை மட்டும் இன்னிக்கே குறைங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, பத்து மணிக்கு வெயில் வந்ததும் பையனைக் கூட்டிட்டு வாங்க. எண்ணெய் வெக்காம, தலை சீவாம வரட்டும்.”